கம்பத்துக்கு வைத்த வெற்றிலை

தோணிரேவு
12 ஆகஸ்ட் 2024

சிறப்பு உதவி ஆய்வாளர் முனியன் அவர்களுக்கு,

தோணிரேவு எல்லம்மா என்ற பெண் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் அனிதாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்திருக்கிறோம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் அதையே செய்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எழுது. எவ்வளவு சோறு தின்கிறாய் என்று எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும்.

உன்னோடு வாய் திறந்து பேச மாட்டேன் என்று கன்னியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ரேஷன் கடைப் பலகையையும் பஸ்ஸின் நெற்றியையும் பார்த்து நானே கற்ற எழுத்து இது. அதை நான் யாரிடமும் கேட்டு உபயோகிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு எழுதுவது புகார்.

உங்கள் இலாகா எங்கள் கரையில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இரண்டு சக்கரம், முதுகில் சோலார் தகடு, நடுவில் பனை உயரத்துக்கு ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் கண்ணாடிக் கண். அதற்குக் கீழே நீல விளக்கும் ஒலிபெருக்கியும். போட் என்ஜின் திருட்டுப் போகிறது, ஸ்டேஷனில் ஆள் பற்றாது, இனி இதுதான் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் அதற்கு ஒத்தக்கண்ணன் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

நேற்று நான் வழக்கம்போல இடுப்புத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தேன். இறால் போட்டு வைக்கும் ஓலைப் பறியின் கயிறு பல்லில் இருந்தது. அப்போது பூட்ஸ் காலோடு இரண்டு போலீஸ்காரர்கள் தண்ணீரில் ஓடிவந்தார்கள். ஒருவன் ஞானதாஸ், சின்னப் பையன்.

"யம்மா, பயப்படாத. என் கையப் புடிச்சிக்கோ."

பறியை விட்டால் இறால் போகும். நான் "ம்ம்ம்" என்றேன்.

"சார், பேச்சு வரல சார், மூச்சு முட்டுது," என்று கத்தினான். இரண்டு பேரும் என்னைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். காலை முழுக்கத் தடவிய இறால் ஏரிக்கே திரும்பிப் போனது. உன் மாமா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "உன்னத் தூக்கினு வர்றத நானும் பாக்கணும்னு இருந்திச்சி" என்கிறார்.

கயிற்றைத் துப்பிவிட்டுக் கேட்டேன். "இன்னாடா இது, எறா புடிக்கிறவள புடிக்க ஆள் இருக்குது, என்ஜின் திருடுறவன புடிக்க ஆள் இல்லியா?"

"கம்பம் சொல்லிச்சிம்மா. ஒரு பொம்பள தண்ணில வுழுந்துட்டாங்கன்னு."

"நான் வுழல. ஒக்காந்துனு இருந்தேன். அந்தக் கம்பத்தாண்ட போய்ச் சொல்லு."

இது தவிர, பக்கத்தில் போனால் "ஐயா, நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்கிறது. விடியற்காலையில் கரைக்குப் போவது பெண்கள். எங்களை ஐயா என்று கூப்பிட ஒரு எந்திரம் எதற்கு? நீ இலாகாவில் இருக்கிறாய். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்.

இப்படிக்கு,
எல்லம்மா என்ற பெண்


காவலர் குடியிருப்பு
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முனியன் கும்பிட்டு எழுதுவது. நாங்கள் சுகம். சர்க்கரையைப் பற்றி நல்ல செய்தி இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஸ்டேஷன் வேலையிலிருந்து எடுத்து இங்கே உட்கார்ந்து செய்கிற வேலையில் போட்டிருக்கிறார்கள். வருகிற மே மாதத்தோடு ஓய்வு. மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் புகாரைப் படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. (உன் தம்பி பெண்டாட்டி சிரித்தாள். அவளை நான் கண்டித்தேன்.) அந்த எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தெருவில் நடக்கிறவர்களையும் தெருவில் விழுகிறவர்களையும் மட்டும்தான் காட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவுகிறவர்களை அவர்கள் பார்த்ததே இல்லை. அதனால் நம் ஊர்ப் பெண்கள் ஏரியில் இறங்கியதும் ஊரே முழுகுகிறது என்று அது அலறியிருக்கிறது. இன்ஜினியரிடம் சொல்லியாயிற்று. இனி யாரும் உன்னைத் தூக்க வர மாட்டார்கள். ஐயா என்பதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

முப்பது குப்பத்துக்கு ஏழு போலீஸ். அதில் இரண்டு பேர் கோர்ட்டில், ஒருவர் பந்தோபஸ்தில். எந்திரத்தை ரொம்பத் திட்டாதே அக்கா. அதுவும் ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த வேலையாள்தான்.

அனிதாவுக்கு என் ஆசி.

உன் தம்பி,
முனியன்


தோணிரேவு
4 செப்டம்பர் 2024

சிறப்பு உதவி ஆய்வாளர் அவர்களுக்கு,

எல்லம்மா என்ற பெண் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். மழை இல்லை, வெயில் நிற்கவில்லை, ஏரி வற்றி நண்டு மெலிந்துவிட்டது.

எந்திரத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது "அம்மா, நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்கிறது. எங்களைப் பார்த்தும் சொல்கிறது, உன் மாமாவைப் பார்த்தும் சொல்கிறது, தண்ணீர் குடிக்க வருகிற எருமையைப் பார்த்தும் சொல்கிறது. எருமை மட்டும்தான் மரியாதையாக நின்று கேட்கிறது.

இன்னொரு செய்தி. அனிதாவுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. பையன் பரத், திருப்பாலைவனம், தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தை இருபதில் கல்யாணம். பேச வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு?" என்று கேட்டார்கள். எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

உனக்கு வழக்கம் தெரியும். தாய்மாமன் கையால் மாலை வாங்கித்தான் நம் வீட்டுப் பெண் மணையில் உட்காரும். அந்தத் தாய்மாமனைப் பெண்ணைப் பெற்றவள் வெற்றிலைத் தட்டோடு நேரில் நின்று, தன் வாயால் மூன்று முறை அழைக்க வேண்டும். பத்திரிகை ஊருக்கு. கடிதம் அசலூர்க்காரனுக்கு. தாய்மாமனுக்கு வாய்ச்சொல்தான். எனக்கு வாய் இல்லை. அதை எடுத்துக்கொண்டது யார் என்று உனக்கே தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் வலைக்காரருக்கும் கையால் பிடிக்கிற நமக்கும் தகராறு. போலீஸ் வந்தது. போலீஸில் நீ வந்தாய். எனக்குத் தம்பி வந்துவிட்டான் என்று நான் நிமிர்ந்து நின்றேன். நீ இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று, அத்தனை பேர் எதிரில், என்னைப் பார்த்து, "உன் பேர் இன்னாம்மா?" என்று கேட்டாய். "எல்லம்மா என்ற பெண்" என்று எழுதினாய். இடுப்பில் உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவளின் பெயர் உனக்குத் தெரியவில்லை.

தாய்மாமன் இல்லாமல் எப்படி நடத்துவது என்று கன்னியம்மனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லம்மா என்ற பெண்


காவலர் குடியிருப்பு
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். நீயும் மாமாவும் குழந்தையும் நலமாக இருக்கக் கன்னியம்மனை வேண்டுகிறேன்.

கல்யாணச் செய்தி கேட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு ருசித்தது. பரத் எப்படிப்பட்ட பையன்? கண்டக்டர் என்றால் நின்று வேலை செய்கிறவன். நின்று வேலை செய்கிறவனை நம்பலாம். அனிதாவைக் கடைசியாகப் பார்த்தபோது ரிப்பன் கட்டியிருந்தாள்.

லைட்ஹவுஸ் குப்பத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

இடது காலை இழுத்து நடக்காதே. சுளுக்கு என்றால் உப்பு ஒத்தடம் கொடு, கண்ணாடித் துண்டு குத்தியிருந்தால் ஊசி போட்டுக்கொள். அந்தப் பச்சைப் புடவையின் கரை கிழிந்து தொங்குகிறது, பறிக் கயிற்றில் மாட்டிக்கொண்டால் தண்ணீரில் தடுமாறுவாய். இரண்டு நாள் ஏரிக்குப் போகாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உன் தம்பி,
முனியன்


தோணிரேவு
26 செப்டம்பர் 2024

முனியனுக்கு,

எல்லம்மா என்ற பெண் எழுதுவது. எல்லாரும் சுகம். உன் சுகத்தை அப்புறம் கேட்கிறேன்.

காலைப் பற்றி நான் உனக்கு எழுதவில்லை. வீட்டில் எல்லாரையும் விசாரித்தேன், யாரும் உனக்குச் சொல்லவில்லை. பச்சைப் புடவையை நான் ஏரிக்கு மட்டும்தான் கட்டுவேன். ஏரிக் கரையில் என்னைப் பார்க்கிறவர்கள் இரண்டே பேர். ஒன்று எருமை. அது கடிதம் எழுதாது.

உட்கார்ந்து செய்கிற வேலை என்று எழுதினாயே, எதன் எதிரில் உட்கார்ந்து?

நீ பதில் எழுத வேண்டாம். நானே கண்டுபிடித்துவிட்டேன். ஒத்தக்கண்ணனுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய். அக்காவின் பெயர் தெரியாதவனுக்கு அக்காவின் புடவைக் கிழிசல் தெரிகிறது.

நல்லது. உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். எந்திரத்தோடு பேச மாட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நாளை காலையிலிருந்து நான் ஒத்தக்கண்ணனுக்கு எதிரில் நின்று, சேர்த்து வைத்திருக்கிறதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறேன். அதற்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் பொறுப்பு இல்லை.

எல்லம்மா என்ற பெண்


காவலர் குடியிருப்பு
25 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, எழுந்துவிடுகிறேன்.

ஆமாம் அக்கா. மாவட்டத்தின் நடமாடும் கேமராக்கள் எல்லாம் இங்கே ஓர் அறையில் பெரிய திரைகளில் தெரியும். நானும் ஷாலினி என்கிற பெண் காவலரும் பகல் ஷிப்ட். நம் ஊர்த் திரை என் மேஜைக்கு எதிரில் வந்தது. நான் கேட்டு வாங்கியதா, தானாக வந்ததா என்று நீ கேட்பாய். கேட்காதே.

உன்னைத் தினமும் பார்க்கிறேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்து நீ தொடங்கினால், ஷாலினி தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாள். "சார், அக்கா வந்துட்டாங்க, டீ சொல்லட்டா?" என்பாள். நடுவில் நீ புடவைத் தலைப்பை உதறுகிற இடத்தில் நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்துகொண்டே திட்டினாய். அப்படிச் செய்யாதே, குடை எடுத்துக்கொண்டு வா.

நீ வராத நாள் திரையில் ஏரி மட்டும் தெரிகிறது. அது நன்றாக இல்லை. தவறாமல் வா.

உன் தம்பி,
முனியன்


தோணிரேவு
18 நவம்பர் 2024

முனியனுக்கு,

எல்லம்மா எழுதுவது. சுகம். மழை பிடித்துக்கொண்டது, முகத்துவாரம் திறந்து ஏரி நிறைந்தது. உன் மாமாவுக்கு இருமல், அதுவும் சுகமான இருமல்தான், மீன் குழம்பு வைத்தால் நிற்கிறது.

பெரிய செய்தி கேள். ஒத்தக்கண்ணனின் நீல விளக்குக்கு இறால் வருகிறது. பொழுது சாய்ந்து விளக்குச் சுற்றத் தொடங்கினால், கரையோரத் தண்ணீரில் வந்து குவிகிறது. கை போட்டால் கை கொள்ளவில்லை. முதலில் நாங்கள் நாலு பெண்கள் வாயை மூடிக்கொண்டு பறியை நிரப்பினோம். ஆனால் சிரித்த முகத்தை எங்கே மறைப்பது? மூன்றே நாளில் எல்லாக் குப்பத்துக்கும் தெரிந்துவிட்டது. லைட்ஹவுஸ் குப்பத்துத் தலைவர் அங்கமுத்து ஸ்டேஷனுக்குப் போய், "எங்க ஊர்லயும் திருட்டு பயம் ஜாஸ்தி ஆயிட்சி, கம்பத்த அனுப்புங்க" என்றார். மறுநாள் இன்னொரு ஊர். "எங்களுக்குப் பாதுகாப்பே இல்லிங்க" என்று கண்ணீர் விட்டார்களாம். இன்ஸ்பெக்டர் அம்மா, மக்கள் போலீஸை இவ்வளவு நம்புகிறார்களா என்று நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்ததாக ஞானதாஸ் சொன்னான்.

இழுத்துக்கொண்டு போக ஆள் ஆளுக்கு டிராக்டரோடு வந்துவிட்டார்கள். நான் வண்டிக்குக் குறுக்கே உட்கார்ந்தேன். "ஏரியில வலைக்காரங்களுக்குப் பாடு உண்டு. இன்னிக்கு இந்த ஊர் வலை, நாளைக்கு அந்த ஊர் வலைன்னு முறை போட்டுப் பிரிச்சிக்கிறீங்க. கையால புடிக்கிற எங்களுக்கு எந்தக் காலத்துலயாவது ஒரு பாடு குடுத்தீங்களா? கம்பத்துக்கும் பாடு போடு. அதுல எங்க ஊரையும் சேரு. அப்பதான் எழுந்திருப்பேன்" என்றேன்.

அங்கமுத்து, "இந்தம்மா கம்பத்துக்கே பட்டா கேக்குது" என்றார்.

"பட்டா நீயே வச்சிக்கோ, முறைய குடு" என்றேன்.

கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பாடு போட்டாயிற்று. ஏரியில் நம் கைக்கு எழுதப்பட்ட முதல் பாடு இது. அது இறாலுக்குக் கிடைக்கவில்லை, போலீஸ் கேமராவுக்குக் கிடைத்தது. பரவாயில்லை. எதன் பெயரில் கிடைத்தாலும் முறை முறைதான்.

ஒரே இடைஞ்சல், நம் முறை இந்த வாரத்தோடு முடிகிறது. அப்புறம் லைட்ஹவுஸ் குப்பம். திரும்ப நமக்கு வருவது மாசி மாதம். கல்யாணம் தை இருபது.

எந்திரத்திடம் உன்னை மூன்று விஷயம் கேட்டேன். அம்மாவின் பித்தளைச் சொம்பு உன்னிடம் இருக்கிறதா, முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா, ஓய்வு பெற்ற பிறகு எங்கே இருக்கப் போகிறாய். ஒன்றுக்கும் உன் கடிதத்தில் பதில் இல்லை. அழுத்தக்காரன்.

எல்லம்மா


காவலர் குடியிருப்பு
3 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மூவரும் நலம்தானே? மாமாவின் இருமலுக்கு மிளகு ரசம் கொடு, மீன் குழம்பு கேட்பார், கொடுக்காதே.

சொம்பு என்னிடம் இருக்கிறது. தைலம் தடவுகிறேன். ஓய்வுக்குப் பிறகு எங்கே என்பதை நீதான் சொல்ல வேண்டும். நீ கேட்டது எல்லாவற்றையும் இதுபோலக் கடிதத்திலும் ஒருமுறை எழுதிவிட்டால் ஒன்றும் விட்டுப்போகாமல் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.

பாடு போட்ட கதையை அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். 'நடமாடும் கேமராவைப் பொதுமக்கள் தாமே முறை வைத்துப் பராமரிக்கிறார்கள்' என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிருக்கிறது. இறாலைப் பற்றி அதில் இல்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது என் திரையில் அங்கமுத்து ஊர்க் கரைதான் தெரிகிறது. யார் யாரோ நடக்கிறார்கள். ஷாலினி டீ கேட்பதில்லை.

அனிதாவுக்கு மாலை எடுத்துப் போடுகிற அன்று கட்டிக்கொள்ள ஒரு பட்டுப் புடவை வாங்கி வைத்திருக்கிறேன். மாம்பழ நிறம். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

உன் தம்பி,
முனியன்


தோணிரேவு
2 ஜனவரி 2025

முனியனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும். மெமோ கொடுத்தார்களா இல்லையா என்று முதலில் எழுது.

நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கன்னியம்மனிடம் வழி கேட்டேன் என்று சொன்னேன் அல்லவா? வழி கிடைத்தது. தாய்மாமனை வாயால் அழைக்க வேண்டும். தாய்மாமனோடு பேசக் கூடாது. அப்படியானால் எந்திரத்தை அழைப்பது. அதற்கு அந்தப் பக்கம் தாய்மாமன் இருந்தால் அது அவன் அதிர்ஷ்டம். எந்திரம் நம் கரையில் இல்லை. முறையைக் கேட்டு உட்கார்ந்தவளே முறையை மீறி அதை இழுத்துவர முடியாது. அதனால் நான்தான் போனேன். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு.

அந்தக் கரையில் எட்டு வருஷமாக நான் கால் வைத்ததில்லை. கல்யாணத்துக்கு வைத்திருக்கும் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டேன். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், பூ. பின்னால் உன் மாமாவும் அனிதாவும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த கோவிந்தம்மா, "யாருக்குடி தட்டு?" என்று கேட்டாள்.

"ஒத்தக்கண்ணனுக்கு."

"அதுக்கும் கல்யாணமா?" என்றாள். கரை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கம்பத்துக்கு எதிரில் நின்றேன். அது "அம்மா, நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்றது. தெரியும், அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, தட்டை உயர்த்தி, "எம்பொண்ணு அனிதாவுக்குத் தை இருபதுல கல்யாணம், தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் குடுக்கணும்" என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காற்று உப்பாக இருந்தது.

நான் தட்டை இறக்கினேன். திரும்பலாம் என்று இருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த ரெக்கார்டு அம்மாள் குரல் இல்லை. உன் குரல். எட்டு வருஷம் கேட்காவிட்டாலும் மூக்கடைத்த அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

"லைட்ஹவுஸ் குப்பத்துல இருக்கிற எல்லாரும் கேளுங்க. தட்டு வச்சினு நிக்கிறாங்களே, அவங்க பேரு எல்லம்மா. என் கூடப் பொறந்த அக்கா. நான் முனியன். போலீஸ் முனியன்."

அங்கமுத்து வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நீ மேலே சொன்னாய். "அக்கா, இந்தக் கேமராவுக்குக் கண்ணுதான் இருக்குது, காது இல்ல. நீ இன்னா சொன்னன்னு எனக்குக் கேக்கல. இத்தினி நாளா நீ திட்டினதும் கேக்கல. சொன்னா நீ வராம போயிடுவன்னு சொல்லல. தட்டுதான் தெரியுது. எதுவா இருந்தாலும் வரேன்."

"கேக்கலன்னா எதுக்குடா வரேன்ற?" என்று நான் கத்தினேன். அதுவும் உனக்குக் கேட்கவில்லை. கோவிந்தம்மா மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. இரண்டு மாதம், முனியா. தொண்டை வறளத் திட்டியிருக்கிறேன். நடுவில் இரண்டு நாள் அழுதும் இருக்கிறேன். அதெல்லாம் எங்கே போனது?

ஊரில் இப்போது இதுதான் பேச்சு. உன் மாமா சொல்கிறார், தம்பிக்குக் கேட்கவில்லை, அதனால் நீ அவனோடு பேசவில்லை, சத்தியம் முழுசாக இருக்கிறது. கோவிந்தம்மா சொல்கிறாள், கேட்கவில்லை என்றால் அழைப்பும் சேரவில்லை, தாய்மாமன் வர முடியாது. இரண்டும் சரி. கேட்டிருந்தால் சத்தியம் போயிற்று. கேட்காவிட்டால் தாய்மாமன் போயிற்று. இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இல்லை.

நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அனிதா என்னோடு பேசவில்லை. என் பெண்தான்.

அக்கா,
எல்லம்மா


காவலர் குடியிருப்பு
9 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு நலம், மனசும் நலம். பொங்கல் வாழ்த்து.

மெமோ கொடுத்தார்கள். 'அரசு ஒலிபெருக்கியைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தியது ஏன்?' நான் பதில் எழுதினேன்: 'கரையில் கூட்டம் கூடியிருந்தது. கூட்டத்துக்குக் காரணமான நபரை அடையாளம் காட்டினேன்.' அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்த அக்கா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தெரிஞ்சிக்கிட்டு வந்து எனக்கும் சொல்லுங்க" என்று மெமோவை மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

உன் கடிதத்தில் நீ சொன்ன வார்த்தை முழுசாக இருக்கிறது. படித்தேன். ஆனால் கடிதம் அசலூர்க்காரனுக்கு என்று நீ எழுதியிருக்கிறாய். சத்தியத்தை முறி என்று நான் சொல்ல மாட்டேன். கன்னியம்மன் எனக்கும் சாமிதான்.

தை இருபது நான் லீவு போட்டிருக்கிறேன். நீ முடிவு செய்கிறபடி ஆகட்டும். பந்தலுக்குள் வரக் கூடாது என்றால் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். எனக்குத் தூரத்திலிருந்து பார்த்துப் பழக்கம்தான்.

உன் தம்பி,
முனியன்


தோணிரேவு
24 பிப்ரவரி 2025

தம்பி முனியனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். அனிதா திருப்பாலைவனத்தில் சுகம், பஸ்ஸில் இலவசமாகப் போய்வருகிறாளாம், அது தப்பு என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். சத்தியம் முறித்ததற்குக் கன்னியம்மனுக்குப் பொங்கல் வைத்துக் கோழி அறுத்தாயிற்று. சாமி கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. இறால் நன்றாக வருகிறது.

எனக்கு உன் மேல் புதுப் புகார் இருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த மறுநாள் தட்டைத் துணியில் கட்டிக்கொண்டு, பொன்னேரியில் பஸ் மாறி, உங்கள் ஆபீசுக்கு வந்தேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "எந்தம்பிய" என்றேன். எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தையை வாயால் சொல்கிறேன். அதை நான் கொஞ்சம் அனுபவிப்பதற்குள் நீ படியில் நொண்டிக்கொண்டு ஓடிவந்து பேசத் தொடங்கினாய். நான் முதல் முறை அழைத்தபோது பாதியில் முழங்கால் கதை. இரண்டாவது முறை அழைத்தபோது அந்த ஷாலினியைக் கூப்பிட்டு, "பாரும்மா, குரல் இப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லல?" என்றாய். மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதாய். நான் அழலாம் என்று இருந்தேன், நீ முந்திக்கொண்டாய். அதிகாரி வந்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நான் ஆறித்தான் குடித்தேன், உன் பேச்சு நிற்கவில்லை.

கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமனான நீ, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தியிடம் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாய். ஐயர் வைக்காமல் நாமே குறித்த முகூர்த்தத்தை உன் பேச்சுக்காக நாங்கள் தள்ளி வைத்தோம். அங்கமுத்து வந்து காதில் சொன்னார், "யம்மா, உங்க தம்பிய மறுபடியும் கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒக்கார வச்சிடலாமா?" மாம்பழ நிறப் பட்டில் அனிதா மணையில் உட்கார்ந்தபோதுதான் நீ வாயை மூடினாய். அந்தக் கொஞ்ச நேரம் உன் முகத்தைப் பார்த்தேன். நம் அம்மாவின் முகம்.

மறுநாளும் பேசினாய். கிளம்புகிற அன்று பஸ் படியில் நின்றும் பேசினாய். மாப்பிள்ளையே விசில் ஊதி உன்னை உள்ளே தள்ளினார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன். காலையில் போன், மாசிப் பாட்டில் கம்பம் நம் கரைக்குத் திரும்பியதிலிருந்து கேமராவில் என்னைப் பார்த்துவிட்டு "இன்னா அக்கா, இன்னிக்கு லேட்டு" என்று ஒரு போன்.

முனியா, எட்டு வருஷத்துப் பேச்சை நீ ஒரு மாதத்தில் தீர்த்துவிட்டாய். என்னுடையது அப்படியே இருக்கிறது. ஒத்தக்கண்ணனிடம் சொன்னதில் உனக்கு ஒரு வார்த்தையும் சேரவில்லை, நேரில் சொல்ல நீ இடம் விடவில்லை. அதனால் முடிவு செய்திருக்கிறேன். மே மாதம் ஓய்வு பெற்றதும் நீயும் உன் பெண்டாட்டியும் இங்கே வந்து பக்கத்து வீட்டில் இருங்கள், அதைக் கூரை மாற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் அங்கே இருந்துகொண்டும் நாம் கடிதம் எழுதிக்கொள்வோம். உன் வீட்டுக் கதவில் செருகிவிட்டுப் போவேன். படிக்கிறபோதாவது நீ குறுக்கே பேச மாட்டாய்.

முதல் கடிதத்தை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். செப்டம்பர் இருபத்தேழாம் தேதி காலையில் கம்பத்திடம் சொன்னதிலிருந்து தொடங்குகிறது. நீளமாக இருக்கும்.

உன் அக்கா,
எல்லம்மா